கட்டி என்று சொன்னோம்

மைக் இன்னும் முன்வரிசையைத் தாண்டவில்லை. ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள், அந்த ஊதா ஜாக்கெட்டின் முதுகில் இடது பக்கம் ஒரு சுருக்கம் விழுகிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தைத்தது, தூக்கத்தில் தைத்தது, கையை ஏற்றி வைக்கும்போதே தெரியும் இப்படி விழும் என்று, பிரித்துத் தைக்க நேரமில்லை, நேரமே இல்லை, இப்போதுகூட எழுந்து போய் அந்த ஓரத்தை மட்டும் பிரித்து விட்டு வந்துவிடலாம் போலக் கை துறுதுறுக்கிறது. ராத்திரி ஆராதனை முடிந்து வந்து படுத்த மாதிரியும் இருக்கிறது, படுக்காத மாதிரியும் இருக்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. அதற்கு மேலே கட்டியிருக்கிற வண்ணக் காகிதத் தோரணம் அந்தக் காற்றில் சரசரவென்று ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கண்ணைத் திறந்தால் முதுகுகள். எனக்கு முன்னால் இருக்கிற பெண்கள் பக்கம் முழுக்க நான் தைத்த முதுகுகள். ஒவ்வொரு முதுகும் எனக்குத் தெரியும். யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், யார் போன வருஷத்தைவிட இளைத்திருக்கிறாள், யார் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு "ரெண்டு தையல் உள்ள விட்டு வையி சுகிர்தா, பொங்கலுக்குள்ள ஊதிருவேன்" என்று சிரித்தாள், எல்லாம். உடம்பு ரகசியம் டாக்டருக்கு அடுத்தபடி தையல்காரிக்குத்தான் தெரியும். என் ரகசியத்தையும் முதலில் கண்டுபிடித்தது என் ஜாக்கெட்தான். சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். மைக் வருகிறது. மைக் வருவதற்குள் இரண்டு வரி யோசித்து வைக்க வேண்டும்.

புத்தாண்டுக் காலையில் வீட்டுக்கு ஒருவர் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் கோயிலில் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. போன வருஷத்தில் கடவுள் செய்த நன்மைகளைச் சபை முன்னால் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். எப்போதும் ஆம்பளைகள்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு என் வீட்டுக்காரர், அவங்கதான். மின்கம்பத்தில் ஏறி நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்று, "என்னையும் என் மனைவியையும் பிள்ளைகள் ஷெரின், ஜோயல் ஆகியோரையும் காத்து வந்தமைக்காக" என்று ஆசீர் என்கிற லைன்மேன் அரை நிமிஷத்தில் இறங்கிவிடுவார். இந்த வருஷம், புதிதாக வந்த ஐயர் நேற்று ராத்திரி ஒரு போடு போட்டார். "இத்தனை வருஷம் அப்பாமார் சொன்னீங்க. வீட்டுல நடந்ததெல்லாம் அம்மாமாருக்குத்தான தெரியும்? நாளைக்கு அம்மாமார் சொல்லுங்க." ஆம்பளைகள் பக்கத்தில் இருந்து யாரோ "தப்பிச்சோம்" என்றார்கள். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் நெஞ்சுக்குள் ஊசி இறங்கியது. இன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவங்க சொன்னார்கள், "பெருசா ஒண்ணும் வேண்டாம் சுகிர்தா. ரெண்டே வரி. குடும்பத்தக் காத்தாரு. ஆகஸ்ட்டுல கட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சபையா ஜெபிச்சீங்க, ஸ்தோத்திரம். அவ்வளவுதான்." நான் பணியாரத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றுவிட்டது. "கட்டியச் சொல்லணுமா?" என்று கேட்டேன். "சொல்லலைன்னா எப்படி? எல்லாரும் அதத்தான எதிர்பார்ப்பாங்க. ஐயர் வீட்டுக்கே வந்து ஜெபிச்சாருல்ல." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி ஒன்று இருந்தது. அடுக்களை வாசலில் ஷெரின் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். நின்றவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

இதோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மாம்பழ நிறச் சுடிதார், கழுத்துக்கு நானே வைத்த பைப்பிங். மடியில் கைகளைப் பூட்டி வைத்திருக்கிறாள். காலேஜ் இரண்டாம் வருஷம். முன்பெல்லாம் லீவுக்கு வந்தால் வீடு இரண்டாகும். ஜோயலை அடிப்பாள், என் மெஷினில் உட்கார்ந்து நூலைச் சிக்கலாக்குவாள், "எம்மா, நீ தைக்கிற கை மட்டும் ஏம்மா பழைய காலத்துக் கை" என்பாள். இந்தத் தடவை சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறாள். பட்டன் கட்டித் தருகிறாள். ராத்திரி நான் மெஷினில் இருக்கும்போது டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, வைத்த சத்தம்கூடக் கேட்காமல் போகிறாள். பிள்ளை திருந்திவிட்டது என்று பக்கத்து வீட்டு ரெத்தினபாய் அக்கா சொல்கிறாள். எனக்கு அந்த டீயைக் குடிக்கவே பயமாக இருக்கிறது. ஒரு பெண் தன் அம்மாவிடம் இவ்வளவு மரியாதையாக இருந்தால் அது மரியாதை இல்லை. பேச முடியாத ஏதோ ஒன்றைச் சுற்றி நடக்கிறாள். நானும் சுற்றித்தான் நடக்கிறேன். டிசம்பர் முழுக்க ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒரே பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

சித்திரை கடைசி இருக்கும், பழைய ஜாக்கெட் பக்கத்தில் இழுத்தது. நாற்பத்து மூணு வயசில் எல்லாருக்கும் வருகிறது, நமக்கும் வந்துவிட்டது, நாள் நிற்கப் போகிறது, உடம்பு வைக்கிறது என்றுதான் நினைத்தேன். பக்கத் தையலைப் பிரித்து விட்டேன். இன்னொரு மாசத்தில் அடுத்த தையலையும் பிரித்தேன். பிரிக்கிறதுக்கு உள்ளே துணி இல்லாமல் போனபோதுதான் கை அப்படியே நின்றது. அவங்களிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்கள், அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள், மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது பை நிறைய மாங்காய். பையை அடுக்களையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்கள், குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு மாங்காயை நறுக்கினேனே, அந்தச் சாயங்காலத்தை மட்டும் எங்கேயாவது மடித்து வைத்துக்கொள்ள முடியுமானால். ஷெரினிடம் சொல்ல அவ்வளவு வெட்கமாக இருந்தது. லீவுக்கு வந்தவள் தானே கண்டுபிடித்தாள். "அம்மா, விளையாடுதியா?" என்றாள். அப்புறம் அழுதாள். "எங்க கிளாஸ்ல ஒருத்தியோட அக்காவுக்கு இப்பத்தான் பிள்ளை பிறந்திருக்கு. நீ வேற. நான் எப்படிம்மா காலேஜ்ல தலை காட்டுவேன்? நீ வேற." நீ வேற. மெஷின் மிதிக்கும்போதெல்லாம் அது வரும். நீ வேற, நீ வேற, நீ வேற. வேகமாக மிதித்தால் வேகமாக வரும். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் வயசில் என் அம்மாவுக்கு இப்படி என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன். லூசான நைட்டி தைத்துப் போட்டுக்கொண்டேன். மேலே துப்பட்டா. அளவு கொடுக்க வந்தவர்கள் யாரும் என்னை அளக்கவில்லை.

மைக் நகர்கிறது. கோயில்குட்டி, அதுதான் மணி அடித்துக் கோயில் வேலையெல்லாம் பார்க்கிற தாசன் அண்ணன், மைக்கைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறார். ஏன் அப்படி ஏந்துகிறார்? சும்மா பிடித்தால் போதாதா? கிறிஸ்துமஸ் நாடகத்திலும் இப்படித்தான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணிமணி எல்லாம் என் பொறுப்பு, தேவதைகளுக்குச் சிறகு, மேய்ப்பர்களுக்குத் துண்டு, தொட்டிலுக்குப் பொம்மை. பொம்மையைத் துணியில் சுற்றி மரியாளாக நடிக்கிற பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். சுற்றினேன். பருத்தித் துணி, நன்றாக வெளுத்தது. சுற்றும்போது ஒரு மூலை சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி சுற்றினேன். மறுபடி. "டீச்சர், தாங்க டீச்சர்" என்று அந்தப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, எனக்குக் கேட்கிறது, ஆனால் கை கொடுக்கவில்லை. டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள், டிசம்பர் கடைசியில் என்று. அந்த வாரம்தான். நான் பொம்மையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறேன், கழுத்து நிற்காத பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. மேடையில் மேய்ப்பர்கள் வந்து தொட்டிலைப் பார்த்து மண்டியிட்டுவிட்டார்கள். தொட்டில் காலி. ஒரு மேய்ப்பன் மைக்கிலேயே, "ஏல, பிள்ளையக் காணோம்ல" என்றான். கோயிலே குலுங்கிச் சிரித்தது, ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்துக்கொண்டே பொம்மையைக் கொடுத்தேன். ஷெரின் மட்டும் சிரிக்கவில்லை. தேவதைகளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்த்தாள்? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் நாலு வீட்டுச் சுடிதார் பாக்கி, ஜோயலுக்குப் பேண்ட் உயரம், முந்திரிக்கொத்துக்குப் பாகு, நட்சத்திரத்துக்குள் பல்பு எரியவில்லை, கேரல் பாட வருகிறவர்களுக்குக் காபி, பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. வேலை இருக்கிறதே என்று எல்லாரிடமும் அலுத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட்டில், அன்றைக்கு அவங்க டூட்டியில் இருந்தார்கள். காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து கிடந்தது. ஷெரின் சுதந்திர தின லீவுக்கு வந்திருந்தாள். மெஷின் மிதிக்கிற காலில் இருந்து வலி ஏறியது. அவள்தான் ஆட்டோ பிடித்தாள், என்னைத் தூக்கி ஏற்றினாள், வழி முழுக்க "மெதுவாப் போங்க அண்ணே, குழியில விடாதீங்க அண்ணே" என்று கத்திக்கொண்டே வந்தாள். அப்புறம் ஒரே வெள்ளை. ஊசி போட்டார்கள். கிணற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே நடக்கிற பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது. யாரோ வந்தார்கள், ஏதோ எடுத்தார்கள், ஒரு தட்டுச் சத்தம். அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. வெளி வராந்தாவில் ஷெரின் போனில் பேசுவது மட்டும் தெளிவாக வந்தது. "இல்ல பெரியம்மா. ஒண்ணும் பயப்படாதீங்க. அம்மாவுக்கு வயித்துல கட்டி. கட்டிதான். எடுத்துட்டாங்க." ரெத்தினபாய் அக்காவிடம் சொல்கிறாள். ஒரு நிமிஷம் அது வேறு யாருடைய அம்மாவோ என்று நினைத்தேன். பாவம், யாருக்கோ கட்டி என்று நினைத்தேன். அப்புறம் அவங்க வந்தார்கள், கையில் கிரீஸ் கறையோடு. ஊர் முழுக்கப் போய்விட்டது, இனி மாற்றிச் சொன்னால் பிள்ளைக்குக் கேவலம் என்றார்கள். எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்கப் போனபோது, "அதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே பார்த்துக்கிட்டாங்க, இப்ப எதுக்கு அது" என்று அவங்க திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் ஆடியது.

அதற்குப் பிறகு ஆர்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தார்கள். கட்டி எவ்வளவு பெரிசு? டெஸ்டுக்கு அனுப்பினார்களா? எங்க சின்னம்மாவுக்கும் இப்படித்தான். ரெத்தினபாய் அக்கா விடவே இல்லை. "ஏட்டி, எம்புட்டு இருந்துச்சுன்னு காட்டேன்." இரண்டு கையையும் காற்றில் தூக்கி ஒரு அளவு காட்டினேன். எதை அளந்தாலும் டேப் வைத்து அளக்கிறவள், பார்க்காத ஒன்றுக்கு அளவு காட்டினேன். புது ஐயர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, அந்தக் கட்டியை வேரோடு அகற்றினீரே, அதற்காக ஸ்தோத்திரம் என்று உருக்கமாக ஜெபித்தார். நல்ல மனுஷன், கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் ஆமென் சொன்னேன். ஆனாலும் ஒன்று உண்டு, கட்டி என்ற வார்த்தையை நான் என் வாயால் இதுவரை சொன்னதில்லை. தலையாட்டியிருக்கிறேன், கையால் காட்டியிருக்கிறேன், ஆமென் சொல்லியிருக்கிறேன். வார்த்தையாகச் சொன்னதில்லை. அது ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். இன்று மைக்கில் சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். வருஷப் பிறப்பில், கோயிலில் வைத்து, பெற்றவள் வாயாலேயே கட்டி ஆகிவிடும். அதைச் சொல்லாமல் உண்மையைச் சொன்னால்? ஷெரின் பொய் சொன்னாள் என்றாகிவிடும். இத்தனை முதுகுகளும் திரும்பி அவளைப் பார்க்கும். சும்மாவே என்னோடு பேசாத பிள்ளை, அதற்குப் பிறகு டீ வைக்கக்கூட வர மாட்டாள். ஒரு பிள்ளையைச் சொல்லப் போய் இன்னொரு பிள்ளையை விட வேண்டுமா. நன்மை என்று சொல்ல வேறு எத்தனையோ இருக்கிறது, ஜோயல் கணக்கில் தேறிவிட்டான், அவங்க கம்பத்தில் இருந்து வழுக்கியும் பெல்ட்டில் தொங்கிப் பிழைத்தார்கள், மெஷினுக்கு மோட்டார் போட்டோம். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்துவிடலாம்.

மைக் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. ரெத்தினபாய் அக்கா வாங்குவதற்கு முன்னால் என் பக்கம் குனிந்து, "ஏ சுகிர்தா, நீ சுருக்கா முடிச்சிரு. அடுப்புல கறியப் போட்டுட்டு வந்திருக்கேன், பார்த்துக்கிறேன்னவரும் இங்க வந்து உக்காந்திருக்காரு" என்றாள். அப்புறம் எழுந்து தன் சாட்சியைச் சொன்னாள் பாருங்கள், போர் போட்டதில் தண்ணீர் கிடைத்தது, மகனுக்கு விசா வந்தது, விசா வந்ததில் ஏஜெண்ட் ஏமாற்றப் பார்த்தது, ஆடு குட்டி போட்டது. ஆம்பளைகள் பக்கத்தில் இருந்து அவள் வீட்டுக்காரர், "கறி தீயுது, உக்காருட்டி" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சிரிப்பு அலை மாதிரி எழுந்து, மெதுவாக அடங்கி, அடங்கின இடத்தில் மைக் என் கையில் இருக்கிறது. இளஞ்சூடாக இருக்கிறது. எத்தனை பேர் கை பட்டது. நான் எழுந்துவிட்டேனா? எழுந்துவிட்டேன். முதுகுகள் எல்லாம் முகங்களாகத் திரும்புகின்றன. நீல நிறக் கண்ணாடி வழியாக வருகிற வெயில் தரையில் தண்ணீர் மாதிரி நிற்கிறது, நான் அதற்குள் நிற்கிறேன், காலடியில் தரை இல்லை.

"என்னையும் என் வீட்டுக்காரரையும்..." என் குரல் எங்கேயோ மேலே தோரணத்துக்குள் இருந்து வருகிறது. "பிள்ளைங்களையும் காத்து வந்த..." எல்லா முகத்திலும் ஒரு கனிவு. காத்திருக்கிறார்கள். அவர்கள் ஜெபித்தார்கள், அதன் பலனைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். "ஆகஸ்ட் மாசம் எனக்காக எல்லாரும் ஜெபிச்சீங்க." நிற்கிறது. அதற்கு மேல் வரவில்லை. ஆம்பளைகள் பக்கத்தில் அவங்க இருமுகிறார்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும். ஐயர் பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்து அன்பாக எடுத்துக் கொடுக்கிறார், "கட்டி ஆபரேஷன். சொல்லுங்கம்மா. தைரியமாச் சொல்லுங்க." நாக்கு அந்த வார்த்தைக்கு எழும்புகிறது, மேலண்ணத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் மாங்காயின் புளிப்பு. "கட்டி இல்லங்கய்யா" என்கிறேன். "பிள்ளை. அஞ்சு மாசம். வெட்கப்பட்டுக்கிட்டுக் கட்டின்னு சொன்னோம். நான்தான் சொல்லச் சொன்னேன்." இது பொய். இருக்கட்டும், இந்தப் பொய் என்னுடையது. "வேரோடு எடுத்ததுக்கு என்னால ஸ்தோத்திரம் சொல்ல முடியல. எங்கூட இருந்த அஞ்சு மாசத்துக்குச் சொல்லுதேன். ஸ்தோத்திரம்."

மின்விசிறி சத்தம். தாசன் அண்ணன் வந்து மைக்கை வாங்கினார், அப்போதும் இரண்டு கையாலும்தான். ரெத்தினபாய் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், அவள் கண்ணில் என் இரண்டு கைகளும் காற்றில் காட்டின அளவு நிற்கிறது போல இருந்தது. அவங்க பக்கம் பார்த்தேன். குனிந்து உட்கார்ந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு பையாக. நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பின்வரிசையில் அடுத்த பெண் தட்டுத் தடுமாறி ஆரம்பிக்கிறாள், என்னையும் என் கணவரையும் என்று. ஷெரின் பக்கம் திரும்பப் பயம். மாம்பழ நிறம் மட்டும் கண் ஓரத்தில் தெரிகிறது, அது அசையவில்லை, அசையவே இல்லை, எழுந்து வெளியே போகப் போகிறாள் என்று நினைத்தேன், போகட்டும், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும், பின்னாலேயே போய்க் காலில் விழுந்தாவது... அதற்குள் அந்த நிறம் நகர்ந்தது. என் தோளில் அவள் தோள் முட்டியது. காதுக்குப் பக்கத்தில் சூடான மூச்சு. "நீ சொல்லச் சொல்லலையேம்மா" என்றாள். "பேசாத" என்றேன். பின்னால் அந்தப் பெண் பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தங்கச்சிம்மா" என்றாள் ஷெரின்.

"என்னது?"

"தங்கச்சி. நர்ஸ் எங்கையிலதான் தந்தாங்க. அப்பா வர்ற வரைக்கும் நான்தான் வச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "உன் மூக்கும்மா. அப்படியே உன் மூக்கு."